வெறும் வயிறு

கல்யாணம் செய்துகொள்ள இங்கிலாந்திலிருந்து வந்திருந்த பொன்னுவேல், தாலி கட்டிய கையோடு பெண்டாட்டியை அம்பாசடரில் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்கு வந்தான். அவளைப் படகுத்துறையில் தன் தங்கையோடு விட்டுவிட்டு, காளியப்பனின் தோளில் கை போட்டு ஏரிக்கரையோரமாகத் தள்ளிக்கொண்டு போனான். இரண்டு பேரும் மருத்துவக் கல்லூரியில் ஒரே அறையில் கிடந்தவர்கள். பொன்னுவேல் சீமைக்குப் போனான். காளியப்பன் மலையேறி வந்து, எஸ்டேட்காரர்கள் சேர்ந்து நடத்திய ஆஸ்பத்திரியில் டாக்டராக உட்கார்ந்தான்.

"ரெண்டு வேலை இருக்குதுடா. ரெண்டும் நான் சொன்னாக் கிடைக்கும்" என்றான் பொன்னுவேல். "ஒண்ணு என் வார்டு. கிழடுங்க வார்டு."

"நீ சர்ஜரியில இல்ல இருக்கறேன்னாங்க?"

"ஊருக்கு அப்படிச் சொல்லி வெச்சிருக்கறேன். மாமனார் ஊட்டுல உளறித் தொலைச்சுராத. வெள்ளைக்கார டாக்டர் எவனும் அந்த வார்டுப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டான். அதனால நமக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கறாங்க. பீ, மூத்திரம், படுக்கைப் புண்ணு. ஆனா வேலை நிச்சயம். நாலஞ்சு வருஷத்துல அங்கயே பெரிய டாக்டரா ஆயிரலாம்."

"இன்னொண்ணு?"

"நீ கேக்கறதுதான். எங்க ஆஸ்பத்திரிப் பெரிய சர்ஜன் ஒரு ஆளை எடுத்துக்கறேங்கறான். ஆறு மாசம். கை புடிச்சிருந்தா வெச்சுக்குவான். இல்லாட்டித் தெருவுல விட்டுருவான். தனியா என்னென்ன அறுத்திருக்கறேன்னு கேப்பான். என்ன சொல்லுவ?"

காளியப்பன் ஏரியைப் பார்த்தான். சொல்வதற்கு என்ன இருந்தது? கட்டி கீறியது, கவாத்துக் கத்தி பட்டுத் தொங்கிய விரலை எடுத்தது, பிரசவம். கொஞ்சம் பெரியதாக ஏதாவது வந்தால் ஜீப்பில் போட்டுச் சேலத்துக்கு அனுப்பிவிடுவதுதான் ஆஸ்பத்திரி வழக்கம்.

"பொய் சொல்லலாம்னு பார்க்காத. கையைப் பார்த்தாலே அவனுக்குத் தெரிஞ்சுரும்" என்றான் பொன்னுவேல். "பொங்கல் கழிஞ்சு கிளம்பறேன். அதுக்குள்ள சொல்லு."

காளியப்பன் எஸ்டேட் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். அவன் அம்மா மாதம்மாள் இன்னமும் காப்பிப்பழம் பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். லயத்து ஆட்களுக்கு அறுக்கிற டாக்டர்தான் டாக்டர்; மருந்து கலக்கிக் கொடுப்பவன் கம்பவுண்டர். முகத்துக்கு நேராகவே அப்படிச் சொல்வார்கள். அது அவனுக்கு முள்ளாகக் குத்தியது. கத்தி பிடிக்க வேண்டும், அதுவும் சீமையில் பிடிக்க வேண்டும் என்று அவன் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்தே முடிவு செய்திருந்தான். கிழவர்களுக்குத் துடைத்துவிடுவதற்காக யாராவது கடல் தாண்டுவார்களா?

அந்த வாரமே செம்மநத்தத்திலிருந்து கண்ணாயி வந்தாள். கூடவே அவள் புருஷன் அம்மாசி. கேழ்வரகு விதைக்கிற குடும்பம்; பழம் பறிப்புக் காலத்தில் எஸ்டேட்டுக்குக் கூலிக்கு வருவார்கள். தொப்புளுக்கு மேலே முட்டையளவு புடைப்பு.

"உள்ள தள்ளுனாப் போயிருதுங்க. மூட்டை தூக்குனா மறுக்கா வந்துருதுங்க" என்றாள்.

"வலி?"

"நொம்ப இல்லீங்க."

அம்மாசி தலையைச் சொறிந்தான். "ஏனுங்க, சேலம் போவோணுங்களா?"

மூன்று மாதம் கழித்துப் போனாலும் குடி முழுகிவிடாத வியாதி. பஸ் ஏற்றி அனுப்பியிருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் நிதானமாகச் செய்திருப்பார்கள். காளியப்பனுக்கு இது தெரியாமல் இல்லை.

"வேண்டாம். இங்கயே செஞ்சரலாம்" என்றான்.

அம்மாசி கையெடுத்துக் கும்பிட்டான்.

அவர்கள் போனதும் நர்ஸ் லூர்துசெல்வி கதவைச் சாத்தினாள். பிறகு சொன்னாள்: "அவசரமில்லாத கேஸ் சார். அனுப்பிரலாமே. வாந்தி வந்தா உறிஞ்சற நம்ம சக்ஷன் மிஷின்ல மிதிக்கிற தோலு கிழிஞ்சு கிடக்குது."

"நான் பார்த்துக்கறேன் சிஸ்டர்."

"நீங்க வயித்தப் பார்ப்பீங்க. தலைமாட்டுல நான்தானே நிக்கறேன்?"

அவன் அறுவைக்கு நாள் குறித்தான். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் கண்ணாயியைச் சேர்த்து, இரவு எட்டுக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று அம்மாசியிடமும் அவளிடமும் தனித்தனியாகச் சொன்னாள். திரும்பச் சொல்லச் சொல்லியும் கேட்டுக்கொண்டாள்.

மாதம்மாள் தினமும் வேலைக்குப் போகும் வழியில் மகனுக்கு மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குப்போசியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். வைத்த உடனே போய்விட மாட்டாள். வார்டுக்குள் ஒரு சுற்று வருவாள். டாக்டரம்மா என்று நோயாளிகள் கூப்பிடுவது அவளுக்குப் பிடித்திருந்தது. அன்று காலையும் வந்தாள். கண்ணாயி கட்டிலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அம்மாசி பீடி குடிக்க வெளியே போயிருந்தான். லூர்துசெல்வி உள்ளே கத்திகளை வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிரசவத்துக்கோ கோர்ட்டுக்கோ மலையிறங்கிப் போகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டார்கள். பெற்றவள் கையால் ஒரு வாய் ஊட்டி அனுப்புவாள். பெற்றவள் இல்லாவிட்டால் அந்த வயதில் யாராவது ஒருத்தி. வெறும் வயிற்றோடு போனவர்கள் திரும்புவதில்லை என்று நம்பினார்கள். ஒவ்வொரு பரீட்சைக்கும் காளியப்பன் அப்படித்தான் தின்றுவிட்டுப் போனான். ஆகவே அவனுக்கு இது நன்றாகத் தெரியும். இருந்தும் கண்ணாயிக்கு ஒன்றும் கொடுக்காதே என்று தன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

அறுவை நன்றாகவே போனது. ரத்தம் அதிகம் போகவில்லை. லூர்துசெல்வி தலைமாட்டில் நின்று, முகமூடித் துணியில் மயக்க மருந்தான ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். உள்ளடுக்கைத் தைத்து முடித்தான். தோல் மட்டும்தான் பாக்கி. மனசுக்குள் அவன் அப்போதே அந்தப் பெரிய சர்ஜனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சுது சிஸ்டர். ஈதரைக் குறைங்க."

அவள் குறைத்தாள். கண்ணாயி இருமினாள். பிறகு ஓங்கரித்தாள்.

முகமூடியை எடுத்தபோது வாய் நிறையப் பழுப்பு நிறத்தில் களி. லூர்துசெல்வி தலையைப் பக்கவாட்டில் திருப்பிக் கீழே சாய்த்தாள். காளியப்பன் விரலை விட்டு வழித்தான். வழிக்க வழிக்க வந்தது. சக்ஷனை மிதித்தான், காற்று கிழிசல் வழியாகப் புஸ்ஸென்று போனது. உதடு நீலமாயிற்று. மூச்சுப் போகக் கழுத்தில் துளை போட்டான். அங்கேயும் களிதான் இருந்தது. அவன் விரலிடுக்கில் முழுசாக ஒரு மொச்சைக்கொட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து லூர்துசெல்வி நாடியிலிருந்து கையை எடுத்தாள்.

தோல் திறந்தபடி இருந்தது. அப்படியே கொடுக்க முடியாது. காளியப்பன் ஊசியை எடுத்துத் தைத்தான். கழுத்தையும் தைத்தான். வயிற்றில் போட்டது நல்ல தையல். அதுவரை அவன் அவ்வளவு ஒழுங்காகப் போட்டதில்லை.

அம்மாசியிடம் சொல்லிவிட்டுத் தன் அறைக்கு வந்து தூக்குப்போசியைத் திறந்தான். கேழ்வரகுக் களி. மொச்சைக்கொட்டைக் குழம்பு. உருண்டையில் பாதியைக் காணோம். பிய்த்த இடத்தில் நாலு விரல் அச்சுத் தெரிந்தது. மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தான். பிறகு அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்ப் பன்றிகளுக்குக் கொட்டினான்.

சேதி கேட்டு மாதம்மாள் பழக்கூடையை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே ஓடிவந்தாள். "கண்ணு, காலைல நல்லாப் பேசிட்டிருந்துச்சே அந்தப் புள்ள! என்ன சாமி ஆச்சு?"

"மயக்கத்துலயே போயிருச்சும்மா."

"மயக்கம் குடுத்தது யாரு? அந்த நர்சம்மாவா?"

அம்மாவிடம் காலையில் என்ன நடந்தது என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள். சொன்ன பிறகு அவளுக்கும் தெரிந்துவிடும்.

இரண்டு நாள் கழித்து எஸ்டேட்காரர்கள் தங்கள் கணக்கெழுதும் ரைட்டர் மாரியப்பனை விசாரிக்க அனுப்பினார்கள். அவர் டாக்டர் அறையில் உட்கார்ந்து மூக்குப்பொடி போட்டுக்கொண்டார். லூர்துசெல்வி நின்றாள்.

"தொரைங்க கேக்கறாங்க டாக்டர். அறுத்ததுல கோளாறா, மயக்கத்துல கோளாறா? ஒண்ணச் சொல்லிட்டீங்கன்னா என் வேலை முடிஞ்சுது."

"அறுத்ததுல ஒண்ணும் இல்ல" என்றான் காளியப்பன். அது உண்மை. அடுத்ததை மூக்குப்பொடி டப்பாவைப் பார்த்துச் சொன்னான். "ஈதர் கொஞ்சம் கூடப் போயிருக்கலாம்."

லூர்துசெல்வி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "குறைக்கச் சொன்னீங்க, குறைச்சேன். அப்பத்தானே சார் வாந்தி வந்துது? தொண்டையெல்லாம் களி இருந்ததுங்களே?"

"களியா?" ரைட்டர் நிமிர்ந்தார். "புருஷங்காரன் சேர்வராயன் சாமி மேல சத்தியம் பண்றானே, ஒண்ணும் குடுக்கலீன்னு. டாக்டர், நீங்க பார்த்தீங்களா?"

"வாந்தி இருந்தது. என்னன்னு பார்க்கல."

"அப்புறமென்ன?" என்றார் ரைட்டர். "அப்படியே தின்னிருந்தாலும் தின்னுச்சா இல்லியான்னு பார்க்கறது நர்ஸ் வேலைதானே?"

வார முடிவில் லூர்துசெல்வியை நிறுத்திவிட்டார்கள். டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டவள் அவன் அறை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"இந்த ஆஸ்பத்திரிக்கு யார் ஊட்டுலருந்து மொச்சைக்கொட்டைக் குழம்பு வருதுன்னு எனக்கும் தெரியும்."

"ரைட்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ல வேண்டியது நீங்க. நான் சொன்னா, தான் தப்பிக்கறதுக்குக் கிழவி மேல பழி போடறாம்பாங்க." பெட்டியைக் கை மாற்றிக்கொண்டாள். "சீமையில போய் அறுக்கப் போறீங்களாமே? தலைமாட்டுல நிக்கறவளும் வாயில்லாதவளாக் கிடைக்கறாளான்னு பார்த்துட்டு அப்புறம் கத்தியத் தொடுங்க."

அவள் போன பிறகு ஒரு லயத்துக்காரனுக்கு முழங்காலில் கட்டி கீற வேண்டியிருந்தது. கத்தியை வைத்தவன் தலைமாட்டைத் திரும்பிப் பார்த்தான். மரத்துப்போக ஊசிதான் போட்டிருந்தது. அங்கே நிற்க ஆள் தேவையில்லை. இருந்தாலும் பார்த்தான். மறுபடியும் கத்தியை வைத்தான், மறுபடியும் பார்த்தான்.

"என்னுங்க, கை வரலீங்களா? மருந்து கிருந்து இருந்தாக் குடுத்துருங்களேன்" என்றான் படுத்திருந்தவன்.

பொங்கல் கழிந்து போஸ்டாபீஸிலிருந்து, சேலத்தில் இருந்த பொன்னுவேலுக்கு டிரங்க் கால் போட்டான்.

"எதுடா?" என்றான் பொன்னுவேல்.

"உன் வார்டு."

"ஏன்டா? என்னமோ கேஸ் புடிச்சு அறுக்கப் போறேன்னு சேதி வந்துச்சே?"

"அறுத்தேன்."

பொன்னுவேல் மக்கு இல்லை. மேற்கொண்டு கேட்காமல் சிரித்தான். "போவுது போ. எங்க வார்டுல ஒரு வசதி இருக்குது. செத்தா ஏன் செத்தான்னு எவனும் கேக்க மாட்டான்."

"அதுக்குத்தான்" என்றான் காளியப்பன்.

காகிதங்கள் வந்துசேர ஆனி மாதமாகிவிட்டது. புறப்படுகிற அன்று விடிகாலையில் மாதம்மாள் புதுப்புடவை கட்டிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தாள். கையில் அதே தூக்குப்போசி. மூடுபனி இன்னும் விலகவில்லை.

"அங்க போய் நெறையப் பேர அறுக்கோணும் சாமி. அந்த நர்சு முண்டை பண்ணுன வேலையில கெட்ட பேர் வரப் பார்த்துச்சு. கடவுள் இருக்கறான், தொரத்தி உட்டுட்டாங்க."

"அறுக்கற வேலை இல்லம்மா. வயசானவங்களப் பார்த்துக்கற வேலை."

"அதுக்கா இத்தன படிப்பு? ஏன், அவங்கவங்க பெத்த புள்ளைங்க பார்க்க மாட்டாங்களா?"

"மாட்டாங்களாம்."

அவள் மூடியைத் திறந்தாள். களியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தாள். "வாயைத் தொற. வெறும் வயித்தோட உட மாட்டேன்."

"இப்ப வேண்டாம்மா."

"அந்தச் செம்மநத்தத்துப் புள்ளைக்கும்தான் எங்கையால குடுத்தேன். தின்னுட்டு என்ன சந்தோசமாச் சிரிச்சுது தெரியுமா! அத்தன குடுத்தும் அந்த நர்சு கொன்னு போட்டாளே."

பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காளியப்பன் வாயைத் திறந்தான். அவள் ஊட்டினாள். விழுங்கினான். இன்னொரு வாய். அதையும் விழுங்கினான். உருண்டை தீருகிற வரை அவள் விடவில்லை. அவள் கைநீட்டிய ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். ஒவ்வொரு முறையும் வாயில் களி இருந்தது.

பஸ் புறப்பட்டது. அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்தன. ஐந்தாவதோ ஆறாவதோ வளைவில் அவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். எல்லாம் வந்தது. மூச்சு அடைத்து, கண் இருண்டு, திரும்ப வந்தது. பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் பழுப்பாக வழிந்தது. பின்சீட்டுக்காரர் சளாரென்று ஜன்னல் கதவை இறக்கினார்.

கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினான். காளியப்பனை அவனுக்குத் தெரியும்.

"என்னங்க டாக்டர், இந்த ரோட்டுல வெறும் வயித்தோட வரோணும்னு தெரியாதுங்களா? நீங்களே தின்னுட்டு வந்தா எப்படீங்க?"

காளியப்பன் வாயைக் கொப்பளித்து வெளியே துப்பினான். அடுத்த வளைவு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டான்.