முப்பத்தொரு பொது நண்பர்கள்

மெரிடேல் என்னும் இணைய உலகத்தில் காஸ்வின் பிரபுவைத் தெரியாதவர் கிடையாது. ஆறடி நான்கங்குலம், வெள்ளித் தலைமுடி, தரையைப் பெருக்கும் கறுப்பு அங்கி. அதே பிரபு அமெரிக்காவின் டூலூத் நகரத்தில், சலவை இயந்திரத்துக்குப் பக்கத்து அறையில், வெர்லின் ஹாக்ஸ்டாட் என்ற பெயரில், வழுக்கைத் தலையும் கம்பளிக் காலுறையுமாக உட்கார்ந்திருப்பார். முப்பது வருடம் கவுண்டி வரி அலுவலகத்தில் வீடுகளுக்கு மதிப்புப் போட்டவர். ஓய்வு பெற்றபின் மனிதர்களுக்கு மதிப்புப் போடத் தொடங்கினார்.

மெரிடேலில் யார் முகமும் யாருக்கும் தெரியாது. நரியாக வருவார்கள், நாட்டியக்காரியாக வருவார்கள். ஆனால் ஒருவரைத் தொட்டால் அவருடைய நண்பர் பட்டியல் திறக்கும். எத்தனை பேர், எத்தனை நாளாக, நமக்கும் அவருக்கும் பொதுவானவர்கள் யார் யார் என்று எல்லாம் அதில் இருக்கும். இதைக் கூட்டிக் கழித்து நூற்றுக்கு இத்தனை என்று பிரபு மதிப்பெண் கொடுப்பார். அதற்கான விதிகளை ஒன்பது பக்கத்துக்கு எழுதித் தன் தீவின் வாசலில் பலகையாக நட்டுவைத்திருந்தார். காதலிக்கப் போகிறவர்கள்கூட, "இந்தப் பொண்ணு எப்படி, பிரபு?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். "எழுபத்தாறு" என்பார். போய்க் காதலிப்பார்கள்.

இப்போது பிரபுவுக்கே நம்பகமான ஆள் ஒருவர் தேவைப்பட்டது. மறுநாள் காலை அவருக்கு விழித்திரையில் ஆபரேஷன். பிறகு பத்து நாள் குனிந்த தலை நிமிரக் கூடாது, எந்தத் திரையையும் பார்க்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மெரிடேலையோ பராமரிப்புக்காகச் செவ்வாய்க்குச் செவ்வாய் அணைத்து மறுபடி போடுவார்கள். போட்டதும், பிரபு ஆறு வருடமாகக் கல் கல்லாக வைத்துக் கட்டிய துறைமுகத்தில் படகு கூரைமேல் ஏறி நிற்கும்; கதவுகள் கடலில் மிதக்கும். எடுத்து இடத்தில் வைக்க ஒருவர் வேண்டும். அவருக்குச் சாவி கொடுக்க வேண்டும். சாவி கிடைத்தவர் படகை இறக்கியும் வைக்கலாம், மனம் வைத்தால் துறைமுகம் மொத்தத்தையும் ஒரே அழுத்தில் துடைத்தும் விடலாம். துடைத்தது திரும்பாது.

நானூற்றுப் பன்னிரண்டு நண்பர்களையும் சலித்ததில் முதலிடத்தில் நின்றது டான்சி, மஞ்சள் குடை பிடித்த வாத்து. இருநூறு சொச்சம் நண்பர்கள். அதில் முப்பத்தொரு பேர் பிரபுவுக்கும் நண்பர்கள். தொண்ணூற்று நான்கு மதிப்பெண். பிரபு தனக்கே தொண்ணூற்றொன்றுதான் போட்டுக்கொண்டிருந்தார்.

சம்பிரதாயத்துக்கு ஒரு வார்த்தை விசாரித்துவிடலாம் என்று பொது நண்பர்களில் முதல் ஆளான கிரிம்வால்டைக் கூப்பிட்டார். கிரிம்வால்டு பச்சை டிராகன்; கனடாவின் மூஸ் ஜா ஊரில் பள்ளிப் பேருந்துகளுக்கு பிரேக் பார்க்கிற மெக்கானிக்.

"டான்சியை உனக்கு எப்படிய்யா தெரியும்?"

"தெரியாதே."

"உன் பட்டியல்ல இருக்காளே."

"உங்க பட்டியல்ல இருந்தா. பிரபுவே சேத்திருக்கார்னா நமக்கென்னன்னு சேத்துக்கிட்டேன். தொண்ணூத்தி நாலு மார்க்காமே? எனக்கு அறுபத்தொண்ணுதான் போட்டீங்க. மறக்கல."

"நீ சண்டை போட்டு நாப்பது பேரை நீக்கிட்டே."

"அந்த நாப்பது பேரையும் எனக்கு நல்லாத் தெரியும், பிரபு. அதான் நீக்கினேன்."

பிரபு அடுத்தவரைக் கேட்டார். பிறகு அதற்கடுத்தவரை. மதியத்துக்குள் முப்பத்தொரு பேரையும் கேட்டாகிவிட்டது. இருபத்தேழு பேர் பிரபுவைப் பார்த்துச் சேர்த்தார்களாம். மூன்று பேர் கிரிம்வால்டைப் பார்த்துச் சேர்த்தார்களாம். மிச்சமிருந்த ஒருவர், "எந்த டான்சி?" என்றார்.

சரி, தான் ஏன் சேர்த்தோம்? பிரபு தன் நோட்டைப் புரட்டினார். அலுவலகப் பழக்கம், எல்லாவற்றுக்கும் காரணம் எழுதி வைப்பார். மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அவர் கையெழுத்திலேயே இருந்தது: 'டான்சி. காரணம்: கிரிம்வால்டின் நண்பர்.'

பிரபு நோட்டை மூடினார். மறுபடி திறந்தார். அதே வரிதான் இருந்தது. முப்பத்திரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்கிறார்கள், சுவரைத்தான் காணவில்லை.

"சாப்பிட வர்றியா இல்லியா, வெர்ல்? ஹாட்டிஷ் ஆறுது" என்று மனைவி ஆர்டிஸ் வந்து நின்றாள். விவகாரத்தைக் கேட்டுவிட்டு, "அந்த வாத்தையே கேக்க வேண்டியதுதானே?" என்றாள்.

"வீட்டுக்கு மதிப்புப் போடறப்ப வீட்டுக்காரனையா கேப்பாங்க?"

"அப்ப என்கிட்ட குடு. படகை நான் இறக்கி வெக்கிறேன்."

வெர்லின் தயங்கினார். "உனக்கு அங்க நண்பர் பட்டியலே இல்லியே. முறைப்படி பாத்தா உனக்கு சைபர்தான் வருது."

"முப்பத்தாறு வருஷத்துக்கு சைபர்." ஆர்டிஸ் தட்டை மேசைமேல் வைத்தாள். "நாளைலேருந்து உன் கண்ணுல மருந்து விடப்போறதும் அந்த சைபர்தான். பாத்து நடந்துக்க."

வாத்தைக் கேட்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. படகுத்துறையில் டான்சி குடையோடு நின்றுகொண்டிருந்தாள். குரல் நடுவயதுப் பெண்ணுடையது. பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம்.

"என்னைப் பத்தி ஊரெல்லாம் விசாரிக்கிறீங்களாமே. பொண்ணு கேட்டு வரப்போறீங்களா?"

பிரபு அங்கியைச் சரிசெய்துகொண்டார். "நாம எப்படி நண்பர்களானோம்?"

"வெள்ளிக்கிழமை டான்ஸ்ல. நான் வந்து ரெண்டாவது நாள். பட்டியல் இல்லாத ஆளை இந்தத் தீவுல மனுஷியாவே மதிக்க மாட்டாங்கன்னு உங்க பலகையில போட்டிருந்தது. நாலு பக்கம் படிச்சேன், மிச்சம் முடியல. சரின்னு ஹால்ல நின்ன எல்லாருக்கும் நட்பு கேட்டு அனுப்பிட்டேன். அன்னிக்குக் கூட்டத்துல எல்லாம் உறைஞ்சு போச்சே, ஞாபகமில்லியா? ஆளாளுக்கு ஒத்தக் காலைத் தூக்கிக்கிட்டு நின்னீங்க. நான் நட்பு கேட்ட பெட்டி உங்க திரைக்கு நட்ட நடுவுல வந்து மறைச்சிருக்கும். அது போனாத்தானே டான்ஸ் தெரியும். எல்லாரும் 'சரி'யை அழுத்திட்டீங்க."

"'வேண்டாம்'னும் ஒரு பட்டன் இருந்திருக்குமே."

"'சரி' பெரிசா இருந்துச்சு."

பிரபுவுக்கு நினைவு வந்தது. கூட ஆடிய ஓர்லித் சீமாட்டியின் இடுப்பில் கைவைத்தபடி, ஒற்றைக் காலில், பதினோரு நிமிடம் நின்ற நாள் அது. பெட்டியைத் தள்ளிவிட்டு, அன்றிரவே காரணம் எழுத உட்கார்ந்தபோது அவள் பட்டியலில் கண்ணில் பட்ட பெயரை எழுதியிருக்கிறார். மற்றவர்களும் இன்று கேட்டதும் அப்படியே ஆளுக்கொரு காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"இதையெல்லாம் என்கிட்ட ஏன் சொல்றே? உன் மார்க் கொறையுமே."

"நீங்க கேட்டீங்க. சொன்னேன்."

இங்கேதான் பிரபு அடியோடு குழம்பிப்போனார். நேர்மையானவள் இப்படித்தான் பேசுவாள். நேர்மையானவள் இப்படித்தான் பேசுவாள் என்று தெரிந்த திருடியும் இப்படித்தான் பேசுவாள். ஒன்பது பக்கத்தில் இதற்கு ஒரு வரி கிடையாது. பட்டியலைத் திறந்தார், மூடினார். துறைமுகத்தை ஒரு சுற்று நடந்து வந்தார். ஒவ்வொரு கல்லையும் எந்த மாதம் வைத்தோம் என்று அவருக்குத் தெரியும். நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்குக்கூட என்ன தொழில் என்று, மூஸ் ஜா மெக்கானிக்கைத் தவிர, தெரியவில்லை.

ஐந்து மணிக்கு ஆர்டிஸ், ஆஸ்பத்திரி சோப்பு போட்டுக் குளிக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். இன்று கேட்ட அத்தனை பேரிலும் இன்னொருவர் பெயரைச் சாக்குச் சொல்லாமல் பதில் சொன்னது ஒருத்திதான் என்று பிரபுவுக்குத் தோன்றியது. அது காரணமாகுமா என்று தெரியவில்லை. சாவி கொடுக்கும் பக்கத்தில் டான்சி பெயருக்கு எதிரே டிக் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

திரும்பி வந்து பார்த்தால் மெரிடேலே பரபரத்துக் கிடந்தது. வாத்தின் தலைக்குமேல் பிரபு கொடுத்த தங்கச் சாவி மின்னியது. ஊரே அதைப் பார்த்திருந்தது. கிரிம்வால்டு செய்தி அனுப்பியிருந்தான்: "சாவியே குடுத்துட்டீங்களா, பிரபு? அப்ப கண்டிப்பா நல்ல ஆளாத்தான் இருக்கணும். என் தங்கச்சியையும் மச்சானையும் சேத்துக்கச் சொல்லிட்டேன்." ஒரு மணி நேரத்தில் டான்சிக்கு நாற்பத்தேழு புது நண்பர்கள். பொது நண்பர்கள் மட்டும் அறுபதைத் தாண்டியிருந்தார்கள்.

பிரபு மறுபடி கணக்குப் போட்டார். தொண்ணூற்றேழு. மதியம் தொடாமல் விட்ட ஹாட்டிஷை இழுத்துவைத்து இரண்டு வாய் சாப்பிட்டார்.

"நல்ல கையிலதான் குடுத்திருக்கேன்" என்று ஆர்டிஸிடம் சொன்னார். "தொண்ணூத்தி ஏழு."

"மத்தியானம் தொண்ணூத்தி நாலு இல்ல?"

"இப்ப ஏறியிருக்கு."

"எதனால?"

"நிறைய பேர் சேத்துக்கிட்டாங்க. நான் சாவி குடுத்ததைப் பாத்துட்டு..." என்று தொடங்கினார் வெர்லின். பாதியில் நோட்டை எடுத்து, மார்ச் மாதத்து வரியை மறுபடி பார்த்தார்.