பளிச்சென்று வந்த படம்

பரிசோதனைக்கூடத்தில் எல்லோரும் அவரைக் 'கழுகுக்கண்' என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடித் தகட்டில் குண்டூசித் தலையளவு புள்ளி லேசாகக் கறுத்தாலும் சொல்லிவிடுவார். அந்தப் பெயரில் அவருக்குத் தலைக்கனமும் உண்டு.

தகட்டில் வரிசை வரிசையாக டி.என்.ஏ. துளிகள். நோயாளியின் சளியில் இருக்கும் கிருமியின் டி.என்.ஏ. எந்தத் துளியோடு ஒட்டுகிறதோ, வெள்ளிக் கரைசலை ஊற்றியதும் அந்த இடம் கறுக்கும். கடைசி வரிசை கறுத்தால், வழக்கமான மருந்துக்கு மசியாத காசநோய். இதைப் படிக்கும் இயந்திரம் யானை விலை. கூடத்தை நடத்தும் மேடமோ ஆபீஸ் காகிதங்களை நகலெடுக்கும் சாதாரண ஸ்கேனரிலேயே படிக்க வழி கண்டுபிடித்திருந்தார்.

போன மாதம் கழுகுக்கண் தன் மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்காக ஒரு போட்டோவை அதே ஸ்கேனரில் வைத்தார். மங்கலாக வந்தது. 'தானாகத் தெளிவாக்கு' என்ற கட்டத்தில் டிக் போட்டார். மகள் பளிச்சென்று வந்தாள். அந்தச் சந்தோஷத்தில் டிக்கை எடுக்க மறந்துபோனார். அன்றிலிருந்து ஸ்கேனர், அழுக்கு என்று நினைத்து லேசான புள்ளிகளையும் துடைத்துத் தள்ளியது. பெயர் பெற்ற கண்ணோ தகட்டைப் பார்ப்பதையே விட்டிருந்தது. அதுதான் திரையில் படம் வருகிறதே!

திங்கட்கிழமை, லாரி டிரைவர் ஒருவர் ரத்தமாக இருமிக்கொண்டு திரும்பி வந்தார். மூன்று வாரம் வழக்கமான மருந்து தின்றும் பயனில்லை. டிரைவரின் பழைய தகட்டைக் கழுகுக்கண் மறுபடி வைக்கப் போனபோதுதான் அந்த டிக் கண்ணில் பட்டது. சத்தமில்லாமல் எடுத்துவிட்டு ஸ்கேன் செய்தார். முதல் முறை வராத புள்ளி கடைசி வரிசையில் வந்து நின்றது.

"என் முறையிலதான் கோளாறு," என்றார் மேடம். கழுகுக்கண் தகட்டை எடுத்துப் பெட்டியில் வைத்து மூடினார்.

செவ்வாய், புதன், வியாழன் போயின. ஒவ்வொரு நாளும் சொல்ல வாயெடுத்து, மென்று முழுங்கினார். தன்னை நினைத்தாலே அவருக்குக் கூசியது. வெள்ளிக்கிழமை மேடம் ஸ்கேனரின் வயரைப் பிடுங்கிச் சுருட்டினார்.

"இத்தோட மூடிடலாம்ணா. மலிவா செய்யறேன்னு ஒருத்தர் உயிரோட விளையாடிட்டேன்."

"மேடம்... கோளாறு இதுல இல்ல. என்கிட்ட."

தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினார். மேடம் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டிக் போட்ட நாள் முதல் வந்த பதினாலு தகடுகளையும் பெட்டியிலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெள்ளிக் கறுப்பு அழியாது. இன்னொரு தகட்டிலும் கடைசி வரிசை கறுத்திருந்தது. துணி தைக்கும் ஒரு பெண்ணுடையது.

போனை அவர் பக்கம் நகர்த்தினார். "நீங்களே சொல்லுங்க."

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"சார், நீங்களா! நீங்க சொன்ன மாதிரியே நேரம் தவறாம மாத்திரை போடறேன். ரெண்டு வாரம் போனா தொத்தாதுன்னீங்கல்ல? நேத்துதான் பாப்பாவ எங்கம்மா வீட்லேர்ந்து கூட்டிட்டு வந்தேன். ராத்திரி பூரா என் கழுத்தக் கட்டிக்கிட்டே தூங்குச்சு."

நேற்று. திங்கட்கிழமையே வாயைத் திறந்திருந்தால் குழந்தை பாட்டி வீட்டிலேயே இருந்திருக்கும்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா," என்றார். "பாப்பாவ மொதல்ல அடுத்த ரூமுக்கு அனுப்பு. நான் சொன்னது தப்பு."