பூனை மேல் போட்ட பழி

அந்த வீட்டில் அவளைத் தவிர எல்லோரும் அவளுடைய ஆஸ்துமாவைக் கவனித்துக்கொண்டார்கள். அப்பா திரைச்சீலைகளைக் கழற்றி வீசினார். அம்மா காலையும் மாலையும் குளியலறைக் கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து 'புஸ்' என்று சத்தம் கேட்டால், மகள் மருந்தை இழுத்துவிட்டாள் என்று அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

பதினைந்து வயசு மகள் அந்தப் 'புஸ்'ஸை வாஷ்பேசினுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். திணறும்போது அடிக்க நீல இன்ஹேலர் இருக்கிறது. நன்றாக இருக்கிற நாளிலும் எதற்கு மருந்து? பள்ளியில் ஏற்கெனவே 'விசில்' என்று பட்டம் கட்டியாகிவிட்டது. தினசரி இன்ஹேலரின் முதுகில் மிச்ச மருந்தைக் காட்டும் எண் மட்டும் ஒழுங்காகக் குறைந்து வந்தது. அந்த வாஷ்பேசினுக்கு ஆயுசுக்கும் ஆஸ்துமா வராது.

மறுபடியும் மூச்சு முட்டி, முகத்தில் மாஸ்க்குடன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டாக்டர் எண்ணைப் பார்த்துவிட்டு மண்டையை உடைத்துக்கொண்டார். மருந்து போகிறது, நுரையீரல் கேட்க மாட்டேன் என்கிறது. அடுத்த முறையும் இப்படியே இருந்தால் ஊசிதான் என்றவர், வீட்டில் பூனை கீனை உண்டா என்றும் கேட்டுவைத்தார். அவ்வளவுதான். அலர்ஜி டெஸ்டில் பூனை எப்போதோ விடுதலையாகியிருந்தது. அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? தினமும் அவள் காலடியில் சுருண்டு தூங்கும் கருப்பி அன்று மாலையே கூடையில் ஏறிச் சித்தி வீட்டுக்குப் போய்விட்டது. உடம்பு சரியானதும் கூட்டி வரலாம் என்று அம்மா சமாதானம் சொன்னாள்.

அவள் அழுது தீர்த்தாள். மறுநாளிலிருந்து வாஷ்பேசினைப் பட்டினி போட்டுவிட்டு, மருந்தை ஆழமாக உள்ளே இழுத்தாள். கருப்பி சீக்கிரம் வந்தாக வேண்டுமே.

அடுத்த முறை டாக்டர் குழாயில் ஊதச் சொன்னபோது முள் ஜோராக ஏறியது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தீங்களா டாக்டர், பூனை போச்சு, நோயும் போச்சு. இனிமே அது வீட்டு வாசப்படியே மிதிக்கக் கூடாது."

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருகிற திட்டு வரட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"பூனை ஒண்ணும் பண்ணலம்மா. நான்தான் மருந்தை இழுக்காம பேசின்ல அடிச்சுட்டிருந்தேன். கருப்பி போனப்புறம்தான் ஒழுங்கா இழுக்கறேன்."

டாக்டர் இன்ஹேலரைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். எண் அன்றும் சரியாக இருந்தது, இன்றும் சரியாக இருந்தது. அம்மா கண் கலங்கி மகளின் தலையைத் தடவினாள்.

"பாவம் டாக்டர், அந்தப் பூனைக்காக என்னமா பொய் சொல்றா பாருங்க."