கிளீட் தடவிய கிரீஸ்

குளிர்காலத்தைக் கழிக்க அரிசோனா பாலைவனத்து முகாமில் மார்லிஸும் அவள் கணவர் ஓர்லினும் வந்து இறங்கிய மறுநாளே அவர்களுடைய வீட்டு வண்டி ஊளையிடத் தொடங்கியது. பொத்தானை அழுத்தினால் சோபாவோடும் சாப்பாட்டு மேசையோடும் பக்கச் சுவர் வெளியே நகர்ந்து கூடத்தை அகலமாக்கும்; அதை ஸ்லைடு என்பார்கள். அது நகரும்போது எழுந்த கிறீச்சலில் நாலு வண்டி தள்ளியிருந்த நாய்கள் குரைத்தன.

அடுத்த வண்டிக்காரர் கிளீட் காப்பிக் கோப்பையோடு வந்துவிட்டார். முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் விற்றவர். திருகாணியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதற்கே யோசிப்பார். ஆனால் முகாமில் எது பழுதானாலும் முதல் கருத்து அவருடையது.

"கிரீஸ் காஞ்சுபோச்சு ஓர்லின். வேற ஒண்ணுமில்ல."

"இந்த மணல்லயா கிரீஸ் போடப் போறீங்க?" என்றாள் மார்லிஸ்.

"நீங்க உள்ள போய் ஒக்காருங்க அம்மணி. ஆம்பளைங்க பாத்துக்குறோம்."

மினசோட்டா சர்க்கரை ஆலையில் இருபத்திரண்டு வருஷம் கன்வேயர் உருளைகளைப் பராமரித்தவள் மார்லிஸ். ஓர்லினுக்கு அது தெரியும். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிளீட் ஸ்லைடுக்கு அடியில் அதை நகர்த்துகிற பல்சட்டம் முழுக்க, ரொட்டிக்கு வெண்ணெய் பூசுகிற தாராளத்தோடு கிரீஸை அப்பினார்.

இரண்டு நாள் சத்தமில்லை. கிளீட் அந்த இரண்டு நாளும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். மூன்றாம் நாள் காற்று அடித்தது. நாலாம் நாள் காலை, ஸ்லைடு பாதி வழியில் முனகி நின்றது.

கிளீட் சுவரைத் தட்டிப் பார்த்தார், டாக்டர் முதுகைத் தட்டுவதுபோல. "மோட்டார் போச்சு. புதுசுதான் மாத்தணும்."

"அப்படித்தான் எனக்கும் தோணுச்சு," என்றார் ஓர்லின். அவருக்கு எதுவும் தோன்றியிருக்கவில்லை.

மார்லிஸ் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்தாள். பல் இடுக்கெல்லாம் மணலும் கிரீஸும் குழைந்த கறுப்புக் களி. விரலில் எடுத்துத் தேய்த்தாள். உப்புத்தாள் மாதிரி அறுத்தது. ஸ்லைடின் தரை வேறு ஒரு பக்கம் தாழ்ந்து சட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து, வண்டிக்குள் ஏறி, சோபாவுக்கு அடியிலிருந்த அலமாரியைத் திறந்தாள். ஓர்லின் பொறுக்கிச் சேர்த்த கற்கள், ஆறு வாளி.

"இதையெல்லாம் நீ எதுக்குள்ள வெச்சிருக்கேன்னு தெரியுமா?"

"அலமாரிக்குள்ள."

"ஸ்லைடுக்குள்ள. அது பாறையைத் தூக்கிட்டு அழுவுது. நீ போய் அவர்கிட்ட கிரீஸ் வாங்குற."

ஓர்லின் வாளிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். அவள் களியைச் சுரண்டி, பிரஷும் துணியுமாகத் துடைத்து, காய்ந்தபின் பிசுபிசுக்காத, மணல் ஒட்டாத மசகு ஸ்பிரேயை லேசாக அடித்தாள். சுவர் ஓரத்து ரப்பர் பட்டைகளுக்கு சிலிக்கான் தடவினாள். வண்டி சரிந்து நின்ற பக்கம் ஜாக்கியை உயர்த்திச் சமன் செய்தாள். மதியத்துக்குள் முடிந்தது. பொத்தானை அழுத்தியதும், ஃபிரிட்ஜ் சத்தத்துக்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

அன்று மாலை நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது கிளீட் எல்லோருக்கும் விளக்கினார். "நல்ல கிரீஸ் ஊறுறதுக்கு நாலு நாளாவது ஆகும். நான் அப்பவே சொன்னேன்ல?"

ஓர்லின் தலையாட்டப் போனார். மனைவியின் நகக்கண்ணில் இன்னும் இருந்த கறுப்பைப் பார்த்தார். "இல்ல கிளீட். உங்க கிரீஸைச் சுரண்டி எடுக்கத்தான் இவளுக்கு மூணு மணி நேரம் ஆச்சு."

அவ்வளவு பேச்சு ஓர்லினிடமிருந்து வந்ததே மார்லிஸுக்கு ஆச்சரியம். நாலு நாள் தாமதமாக வந்தது என்பதையும் அவள் கணக்கில் வைத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் கிளீட்டின் ஸ்லைடும் கத்தத் தொடங்கியது. அவர் மனைவி நார்மா மார்லிஸிடம் வந்து, "அந்த ஸ்பிரே கொஞ்சம் கெடைக்குமா?" என்று கேட்டாள்.

"தாராளமா. அவரையே வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."

கிளீட் வரவில்லை. முகாம் கலைகிற வரை தினமும் காலையில் அந்த ஸ்லைடு கதறியது. மார்லிஸ் கேட்டுக்கொண்டே நிதானமாகக் காப்பி குடித்தாள்.