மாத்திரை மாறிய ஆறு வாரங்கள்

செங்குட்டுவன் குடியை விட்டு ஆறு வருடமாகிறது. அப்படியிருந்தும் ஒரு திங்கட்கிழமை காலை, பட்டறையில் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஃபோர்மேன் மதார் சாகிப் தன் முகத்தை அவன் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, "ஊது" என்றார்.

அவன் ஊதினான். மதார் சாகிப் மூக்கைச் சுருக்கினார். டீ வாசனையைத் தவிர ஒன்றும் வரவில்லை.

"அப்ப கை ஏன் ஆடுது?"

செங்குட்டுவன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

விம்கோ நகரில் ரயில் பாதையை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்தது அந்தப் பட்டறை. பெரிய ஆலைகளுக்கு பைப் வேலை செய்து கொடுக்கும் இடம். அங்கே ஆர்கான் வெல்டர்கள் இரண்டே பேர். ஒருவன் செங்குட்டுவன், இன்னொருவன் மனோகரன். வெளிக்காற்று படாமல் ஆர்கான் வாயு காக்க, கையில் பிடித்த டார்ச்சின் மின்முனையால் இரும்பை உருக்கிப் பற்றவைப்பதுதான் ஆர்கான் வெல்டிங். அந்த முனை இரும்பைத் தொடவும் கூடாது, தள்ளிப் போகவும் கூடாது. நடுவில் ஒரு அரிசி அளவு இடைவெளி இருக்க வேண்டும். தொட்டுவிட்டால் அந்த இடத்தை அறுத்தெடுத்து மறுபடி பற்றவைக்க வேண்டியதுதான். அன்று காலை மட்டும் செங்குட்டுவன் மூன்று முறை தொட்டிருந்தான்.

"இன்னும் ஆறு வாரத்துல டெஸ்ட்டு. அதுல தேறினாத்தான் எண்ணூர் ஆலைல எட்டு மாச வேல. உன்ன நம்பித்தான் கையெழுத்துப் போட்டுக்கீறேன்" என்றார் மதார் சாகிப். "இன்னான்னு பாத்து சரி பண்ணிக்க."

என்ன என்று அவனுக்குத் தெரியும். மாத்திரைதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி போவதற்காகப் பைக்கை நிறுத்திக் காத்திருந்தான். வண்டி போயிற்று, கேட் திறந்தது, பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அவனால் பைக்கை நகர்த்த முடியவில்லை. எதற்காக நகர்த்த வேண்டும் என்றே விளங்கவில்லை. யாரோ இரண்டு பேர் அவனையும் பைக்கையும் சேர்த்து ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார்கள். அதற்கும் முன்பே நாலைந்து மாதமாகத் தூக்கம் போயிருந்தது, சாப்பாடு போயிருந்தது, பேச்சு போயிருந்தது. காரணம் கேட்டால் சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை. வீட்டில் யாரும் சாகவில்லை, வேலையும் போகவில்லை. மனைவி ராமசெல்விதான் அவனை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே மனநல டாக்டர் இஷ்ரத் கொடுத்தது செர்ட்ராலின், ஐம்பது மில்லிகிராம். இரண்டு மாதத்தில் அவன் பழைய ஆளானான். நடுவில் ஒரு முறை, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துத் தானாக நிறுத்தினான். மூன்றாவது வாரமே சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். எழுந்திருக்க மூன்று மாதமாயிற்று.

இந்த வருடம் மறுபடி மனம் தொய்ந்தபோது டாக்டர் அதையே நூறாக ஏற்றினார். மனம் நிமிர்ந்தது. கை ஆடத் தொடங்கியது.

அன்று சாயங்காலம் பட்டறையில் நடந்ததைச் செல்வியிடம் சொன்னான். அவள் காசிமேட்டில் மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் இறால் உரித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். எட்டு மாத வேலை என்றதும் அவள் முகம் மாறியது.

"ஆறு வாரம்தானயா? மாத்திரய நிறுத்திடேன். டெஸ்ட்டு முடிஞ்சதும் திருப்பிப் போட்டுக்க."

"போன தபா நிறுத்தி இன்னா ஆச்சுன்னு நீ பாக்கல?"

"பாத்தேன். அதுக்காக வேலய வுட்டுடுவியா?"

"வுட மாட்டேன். வேலையும் வோணும், மனசும் வோணும். ஒண்ணக் குடுத்து ஒண்ண வாங்க மாட்டேன். நாளைக்கு டாக்டராண்ட போறேன்."

செல்வி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவளுக்குக் கோபமில்லை, பயம்தான் என்று அவனுக்குப் புரிந்தது.

டாக்டர் இஷ்ரத் அவனைக் கைகளை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு தாளை வைத்தார். தாளின் ஓரம் படபடத்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை டீ?"

"எட்டு, ஒம்பது இருக்கும் மேடம்."

"இனிமே ரெண்டு." தைராய்டுக்கு ரத்தம் எடுக்க எழுதினார். "டோஸைக் குறைச்சுப் பார்க்கலாமா?"

"அம்பதுல மனசு நிக்கல. நூறுல கை நிக்கல."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். "நடுக்கத்துக்குன்னு தனியா ஒரு மாத்திரை இருக்கு. ஆனா உங்களுக்கு வீசிங் இருக்கறதால அதைத் தர முடியாது. எஸ்சிட்டலோபிராம்னு ஒண்ணு இருக்கு. செர்ட்ராலினும் அதுவும் ஒரே வகைதான், செய்யற வேலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா ஒவ்வொருத்தர் உடம்பும் ரெண்டையும் ஒரே மாதிரி ஏத்துக்காது. இதுல கை நடுக்கம் குறையலாம். குறையாமலும் போகலாம்."

"கொறையலன்னா?"

"வேற பார்ப்போம். கைவிட மாட்டேன்."

முதல் வாரம் பழையதில் பாதி, புதியதில் பாதி. இரண்டாம் வாரம் பழையதில் கால், புதியது முழுசு. மூன்றாம் வாரத்திலிருந்து புதியது மட்டும். தலை சுற்றலாம், எரிச்சல் வரலாம், உயரத்தில் ஏறவே கூடாது என்றார். "செத்துப்போகலாம்ங்கற மாதிரி எண்ணம் எட்டிப் பார்த்தாக்கூட அன்னைக்கே வரணும். புறநோயாளி நாளான்னு பார்க்காதீங்க."

இரண்டு மாத்திரையும் வெள்ளை. செல்வி பழைய அட்டையின் மேல் சிவப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினாள். நிறுத்தச் சொன்னவள், அன்று முதல் ஒரு வேளைகூடத் தவறவிடாமல் தண்ணீரோடு எதிரில் வந்து நின்றாள். தைராய்டில் ஒன்றுமில்லை என்று மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது.

உயரத்தில் ஏறக் கூடாது என்றால் பட்டறையில் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள் மத்தியானம், மதார் சாகிப் தொழுதுவிட்டு வரும்வரை பட்டறை வாசலில் காத்திருந்தான்.

"பாய், நான் குடிக்கல. மனசு செரியில்லன்னு மாத்திர சாப்டறேன். அதுலதான் கை ஆடுது. இப்ப மாத்திரய மாத்திக்கீறாங்க."

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருசம்."

மதார் சாகிப் தாடியைத் தடவினார். "போன வருசம் அந்த ஆசிட் லைன்ல முப்பது ஜாயின்ட்டு போட்டியே, ஒண்ணுகூடத் திரும்பி வரல. அதெல்லாம் மாத்திர போட்டுகினா?"

"ஆமா பாய்."

"அப்ப மாத்திரைல பேஜாரு இல்ல. எந்த மாத்திரன்றதுலதான் பேஜாரு." விரல் விட்டு வாரங்களை எண்ணினார். "நாலு வாரம் ஆர்டர் பைப்புல டார்ச்ச வெக்காத. கிரைண்டிங் பண்ணு. சாயந்தரம் நாலுக்கு மேல துண்டு பைப்பு தரேன், பழகிக்க. அஞ்சாவது வாரம் எனுக்கு ஒரு ரூட்டு போட்டுக் காட்டு. நல்லாக் கீதா, டெஸ்ட்டுக்குப் பேரு எழுதறேன். இல்லியா, எழுத மாட்டேன். அதுல தயவு தாட்சண்யம் கெடையாது."

"வோணாம் பாய். தயவு வோணாம்."

ரூட் என்பது இரண்டு பைப்பைச் சேர்க்கும்போது அடியில் போடும் முதல் வரி. அது சரியாக விழாவிட்டால் மேலே எத்தனை வரி போட்டாலும் பயனில்லை.

அவனுடைய மிஷினில் மனோகரன் உட்கார்ந்தான். செங்குட்டுவன் கிரைண்டரோடு ஓரமாகப் போனான். "இன்னாபா, புரமோசனா?" என்று மனோகரன் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். செங்குட்டுவன் தீப்பொறியைப் பார்த்தபடி தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்பதாம் நாள் தலைக்குள் ஷாக் அடித்தது. கண்ணை ஓரமாகத் திருப்பினால் போதும், மண்டைக்குள் சுரீரென்று ஒரு கம்பி ஓடியது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் வஞ்சிரத்துக்கு உப்பு கம்மி என்று தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினான்.

செல்வி அசையவில்லை. "இது நீயா, மாத்திரையா?"

அவன் திகைத்தான். "தெர்ல."

"தெரியற வரைக்கும் வாய மூடிகினு சாப்டு."

அவன் தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட்டான். பாதியில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஷாக் ஐந்தாறு நாளில் நின்றது. ஆனால் பதினெட்டாம் நாள் காலை அவனுக்கு மிகவும் பழக்கமான ஒன்று திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. விழித்துக்கொண்டான், எழ முடியவில்லை. பழையது உடம்பிலிருந்து போய்விட்டது, புதியது இன்னும் பிடிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டோம் என்று நினைத்தான். சுவர்ப் பக்கம் திரும்பத் தோன்றியது. திரும்பவில்லை. ஒரு காலை மட்டும் தரையில் வைத்தான். அது தரையில் இருந்தது. அப்புறம் அடுத்த காலை வைத்தான். பல் தேய்ப்பதற்குள் அரை மணி நேரமாயிற்று. பட்டறைக்கு லேட்டாகும் என்று போன் பண்ணிவிட்டு, நேராக ஆஸ்பத்திரிக்குப் போனான்.

"சாகற யோசனை ஏதாவது?" என்றார் டாக்டர்.

"இல்ல மேடம். எந்திரிக்கத்தான் முடில."

"ஆனா எந்திரிச்சு வந்துட்டீங்க. புதுசு இன்னும் முழுசா ஏறல. ரெண்டு வாரம் குடுங்க. வர்ற வெள்ளிக்கிழமை மறுபடி என்னை வந்து பாருங்க."

அவன் கொடுத்தான். அந்த இரண்டு வாரமும் தினம் ஒரு காலாக எழுந்தான். பகலில் கிரைண்டிங், நாலு மணிக்கு மேல் துண்டு பைப்பு. முதலில் போட்டதெல்லாம் கலீஜாக இருந்தது. கை ஆடுகிறதா, ஆடும் என்ற பயத்தில் ஆடுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சுண்டு விரலை பைப்பின் மேல் ஊன்றிக்கொண்டு டார்ச்சை நகர்த்தக் கற்றான். முன்பெல்லாம் அவனுக்கு அது தேவைப்பட்டதில்லை. இப்போது தேவைப்பட்டது, செய்தான்.

நாலாவது வாரக் கடைசியில் ஒரு நாள், வேலை முடிந்து கையைக் கழுவும்போது, தான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பதைக் கவனித்தான். எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. அடுத்த நாள் டார்ச்சின் முனை ஒரு முழுச் சுற்று எங்கும் தொடாமல் வந்தது. பைப்புக்குள் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான். ரூட் உள்பக்கம் சீராகப் படிந்திருந்தது. நடுக்கம் முழுசாகப் போய்விடவில்லை. காலையில் கொஞ்சம் இருந்தது. ஆனால் வேலையைக் கெடுக்கிற அளவுக்கு இல்லை.

ஐந்தாவது வாரம் மதார் சாகிப் அவன் போட்டுக் காட்டிய ரூட்டைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார். பிறகு பேரை எழுதிக்கொண்டார்.

எண்ணூரில் டெஸ்ட் ஒரு திறந்த ஷெட்டில் நடந்தது. பைப்பைச் சாய்வாகக் கட்டி வைத்திருந்தார்கள். அதை அசைக்கக் கூடாது, வெல்டர்தான் அதைச் சுற்றி உடம்பை வளைக்க வேண்டும். செங்குட்டுவன் போட்டு முடித்தான். இரண்டு நாள் கழித்து எக்ஸ்ரே வந்தது. மனோகரன் பாஸ். செங்குட்டுவன் ஃபெயில்.

ஃபிலிமைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பைப்பின் அடிப்பக்கம் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகள்.

"கைதானா?" என்றார் மதார் சாகிப், குரலைத் தாழ்த்தி.

"கை இல்ல பாய்." அவன் ஃபிலிமை இன்னொரு முறை பார்த்தான். "கை ஆடிருந்தா முன தொட்ட கற தெரிஞ்சிருக்கும். இது காத்து. கடல் காத்து அடிச்சி கேஸக் கலச்சிட்ச்சி. தட்டி வச்சி மறைச்சிருக்கணும், மறந்துட்டேன். என் தப்பு, மாத்திர தப்பு இல்ல."

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்தது வருத்தமில்லை. எல்லா வெல்டரும் செய்கிற ஒரு தப்பைத்தான் தானும் செய்திருக்கிறோம் என்பதில் அவனுக்கு ஒரு பெரிய நிம்மதி.

மறு டெஸ்ட் உண்டு. ஆனால் இந்த முறை இரண்டு பைப் போட வேண்டும், இரண்டும் தேற வேண்டும். செவ்வாய்க்கிழமை போனான். மனோகரன் கூட வந்தான். யாரும் அவனை வரச் சொல்லவில்லை. காற்று வரும் பக்கம் தகரத் தட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, அது சாயாமல் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். முதல் பைப்பை முடித்ததும் செங்குட்டுவன் தண்ணீர் குடித்தான். கொடுத்த டீயை வேண்டாம் என்றான். இரண்டாவதுக்கு அவசரப்படவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியபோதெல்லாம் நிறுத்தி, துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

வியாழக்கிழமை ஃபிலிம் வந்தது. இரண்டும் பாஸ்.

கேட் பாஸ் வாங்கும்போது ஆலையின் மெடிக்கல் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: தற்போது ஏதாவது மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா? "இல்லன்னு எழுதிட்டுப் போயேன், யாரு பாக்கப் போறாங்க" என்றான் மனோகரன். செங்குட்டுவன் செல்போனில் பார்த்து, எழுத்துப் பிழை இல்லாமல், எஸ்சிட்டலோபிராம் பத்து மில்லிகிராம் என்று எழுதினான். ஆலையின் டாக்டர் அதற்கு ஒரு கடிதம் கேட்டார். டாக்டர் இஷ்ரத் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். நாலு நாள் இழுத்தடித்த பிறகு பதில் வந்தது: மூன்று மாதம் தரை வேலை மட்டும். உயரத்து வேலை பற்றி அப்புறம் முடிவெடுக்கப்படும்.

"மேல ஏறினாத்தான படிக்காசு ஜாஸ்தி?" என்றாள் செல்வி.

"மூணு மாசம் கழிச்சு ஏறுவேன்."

"வுட மாட்டாங்கன்னா?"

"திருப்பிக் கேப்பேன். அப்பவும் வுடலன்னா அப்பவும் கேப்பேன்."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் சாப்பாட்டுக் கேரியரைப் பையில் வைத்துக் கொடுத்தாள். அவன் ஷூவின் கயிற்றை இறுக்கிக் கட்டினான். எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள் ஏற்கெனவே வரிசை கட்டி நின்றன. இடது ஓரமாகக் கிடைத்த இடைவெளியில் பைக்கை நுழைத்து, ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.