மூன்று நாற்பதுக்கு மணி

சாலைப் பாதுகாப்பு வாரத்தின் மூன்றாம் நாள் சுப்பராயனுக்கு ஒரு நடுநிலைப் பள்ளியை ஒதுக்கியிருந்தார்கள். ஒரகடத்திலிருந்து வல்லம் வடகால் போகும் வழியில், ஆறு வழிச் சாலையை ஒட்டி, இரண்டு தொழிற்சாலைச் சுவர்களுக்கு நடுவே அது இருந்தது. பிள்ளைகளின் வீடுகள் எல்லாம் சாலைக்கு அந்தப் பக்கம்.

அவர் போக்குவரத்துக் காவலில் சிறப்பு உதவி ஆய்வாளர். ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், பைக்கை விட்டு இறங்கினால் பத்து எட்டு வைத்த பிறகுதான் நேராக நடக்க வரும். காலையில் இன்ஸ்பெக்டர் போனில் சொல்லியிருந்தார்: "பசங்க தட்டி புடிச்சிக்கினு ஒரு போட்டோ, நீங்க பேசுற மாதிரி ஒரு போட்டோ. பதினொன்றரைக்குள்ள குரூப்ல போட்டுடுங்க. அவ்ளோதான்."

தலைமை ஆசிரியை எழிலரசி வராந்தாவில் அறுபது பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார். பின்னால் ஏழெட்டு அம்மாக்கள் நின்றார்கள். சுப்பராயன் பேச ஆரம்பித்தார். இருபத்து நான்கு வருடமாகப் பேசிய பேச்சு. முதலில் வலது பக்கம் பார், பிறகு இடது, மறுபடி வலது. கையை உயரத் தூக்கிக்கொண்டு நட, வண்டிக்காரர் பார்த்து நிறுத்துவார். வாய் சொல்லிக்கொண்டே போக, மனம் பதினொன்றரை மணியை நினைத்துக்கொண்டிருந்தது.

"சார், ஒரு நிமிஷம்."

பின்வரிசையில் ஒரு பெண். நீலநிறக் கம்பெனி கோட், கழுத்தில் அடையாள அட்டை. ராத்திரி ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவள் என்று கண்களைப் பார்த்தாலே தெரிந்தது.

"எம் பேரு மஞ்சுளா. நான் இதே ஸ்கூல்ல நாலாவது படிக்கசொல்ல நீங்கதான் வந்தீங்க. அட்டையில சிக்னல் பண்ணி எடுத்துக்கினு. ஞாபகம் கீதா சார்?"

"வந்திருப்பேம்மா. இந்தப் பக்கம் எல்லா ஸ்கூலுக்கும் வந்திருக்கேன்."

"அப்பவும் இதேதான் சொன்னீங்க, கைய தூக்குனா வண்டி நிக்கும்னு. அடுத்த வருஷம் எந்தம்பி இனியவன் கைய தூக்கிக்கினுதான் ரோட்டத் தாண்டுனான். ஜல்லி லாரி நிக்கல. காலு நசுங்கிப் போச்சு. இப்ப எம் பொண்ணு மூணாவது படிக்கிறா. அவளுக்கும் அதையே சொல்லித் தரீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லாதவள் போலச் சொன்னாள். பிள்ளைகள் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எழிலரசி, "மஞ்சுளா, அப்புறம் பேசிக்கலாமே" என்றார்.

அந்தக் காலத்தில் அந்தச் சாலையில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும், சைக்கிள்காரன்கூட நின்று பிள்ளைகளை விடுவான் என்று சொல்லலாம். சொல்லி என்ன? "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சுப்பராயன் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டார். போட்டோவும் எடுக்கவில்லை.

ஸ்டேஷனுக்குத் திரும்பாமல் பள்ளி விடும்வரை வாசல் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நான்கு பத்துக்கு மணி அடித்தது. பிள்ளைகள் சாலையோரம் வந்து குவிந்தார்கள். அவர் நடுவில் போய் நின்றதும் வண்டிகள் வேகத்தைக் குறைத்து நின்றன. பிள்ளைகள் தாண்டிவிட்டார்கள். இவ்வளவுதானே என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே, நின்றது காக்கிச் சட்டைக்காக என்பதும் தோன்றியது.

பைக் பெட்டியில் ஒரு பழைய கட்டம் போட்ட சட்டை இருந்தது. மரத்துக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டால் அவர் நரைத்த தலையுள்ள ஒரு சாதாரண ஆள். கையைத் தூக்கிக்கொண்டு சாலையில் கால் வைத்தார்.

யாரும் நிற்கவில்லை. ஷிஃப்ட் விட்டுக் கிளம்பிய கம்பெனி பஸ்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்தபடி வந்தன. கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரனை அழுத்திய கையை எடுக்காமலே கடந்தது. இரண்டு அடி போவதும் மூன்று அடி பின்வாங்குவதுமாக இருந்தார். ஒரு பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யோவ் பெரிசு, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்று கத்திவிட்டுப் போனான். சாலை நடுவில் இருந்த தடுப்புக்குப் போய்ச் சேர அவருக்குப் பதினோரு நிமிடம் ஆயிற்று. அங்கேயே கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். வண்டிகள் ஓய்ந்த பிறகுதான் எழுந்து திரும்பினார்.

மறுநாள் விசாரித்துக்கொண்டு இனியவனைப் பார்க்கப் போனார். அவன் பள்ளியை அடுத்த தொழிற்சாலையிலேயே கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தான். முப்பதைத் தாண்டியவன். வலது காலைச் சற்றே இழுத்து நடந்தான். சுப்பராயன் பெயரைச் சொல்லி, வந்த காரணத்தையும் சொன்னார்.

"நான் சொன்னத நம்பித்தான் நீ ரோட்ல எறங்கினியாம். உங்கக்கா சொல்லிச்சு."

இனியவன் கேட் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்பினான்.

"அக்காவுக்கு அப்பிடி ஒரு நெனப்பு சார். எனக்கு நீங்க வந்ததே ஞாபகம் இல்ல. கைய தூக்குனேனா இன்னான்னும் தெரியாது. லாரி வந்துச்சு, அவ்ளோதான்."

மன்னிப்பு கேட்க வந்தவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இனியவன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காருங்க சார், காலு வலிக்குதுல்ல" என்றான். கால்வலியை அவன் கண்டுபிடித்துவிட்டான்.

உட்கார்ந்த பிறகு சுப்பராயன் கேட்டார்: "நாலு மணிக்கு உங்க பஸ்ஸுங்கள ஒரு பத்து நிமிஷம் நிறுத்தி வைக்க முடியுமா?"

"அது என் கையில இல்ல சார். ஒரு பஸ்ஸு லேட்டானா டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் என்னத்தான் கேப்பாரு. நேரம் வேணா சொல்றேன்." எந்த வண்டி எப்போது உள்ளே வருகிறது, வெளியே போகிறது என்று எழுதும் நோட்டை எடுத்துப் புரட்டினான். "நாலு மணிக்கு எங்க ஷிஃப்ட் வுடும். எதுத்த கம்பெனியும் அப்பதான். நாலரை வரிக்கும் முப்பத்தேழு பஸ். மூணரைலருந்து நாலு வரிக்கும் ரோடு காலி சார். லோடு வண்டிங்ககூட அப்ப உள்ளதான் நிக்கும்."

சுப்பராயன் நேரத்தை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு எழிலரசியிடம் போனார். அவர் சீட்டை இரண்டு முறை படித்தார்.

"மூணு நாப்பதுக்கு மணி அடிக்கணும்ங்கறீங்க. மேல அனுமதி கேக்கணும் சார். கேட்டா வருஷக் கடைசிக்குள்ள பதில் வருமான்னு தெரியாது."

"தெரியும்மா. ரோட்ல வேகத்தடை போடச் சொல்லி நானும் எழுதியிருக்கேன். போன வருஷமும் எழுதினேன்."

எழிலரசி மேசையில் கிடந்த பேனாவை மூடினார், திறந்தார். "காலைல அரை மணி முன்னாடி ஆரம்பிச்சுட்டா பாட நேரம் கொறையாது. பெத்தவங்ககிட்ட கையெழுத்து வாங்கிடலாம். கேட்டாங்கன்னா நானே பதில் சொல்லிக்கறேன்."

அடுத்த வாரம் திங்கட்கிழமை முதல் மூன்று நாற்பதுக்கு மணி அடித்தது. சுப்பராயன் காக்கிச் சட்டையோடு நடுவில் நின்றார். மஞ்சுளா தூக்கத்தைப் பாதியில் விட்டு எழுந்து வந்தாள். அவளும் இன்னும் இரண்டு பெண்களும் ஒரு நைலான் கயிற்றின் இரு முனைகளைப் பிடித்துக்கொள்ள, பிள்ளைகள் கயிற்றைப் பற்றியபடி ஒரே கூட்டமாகத் தாண்டினார்கள். நான்கு நிமிடத்தில் சாலை பழையபடி காலியானது. முடிந்ததும் மஞ்சுளா கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளும் வந்தாள்.

பிள்ளைகளுக்கு அவர் புதிதாக ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்தார். "யாரும் நிப்பாங்கன்னு நம்பாதீங்க. வண்டி இல்லாதப்ப தாண்டுங்க. பெரியவங்க இல்லாம தாண்டாதீங்க." சொல்லும்போது வாய் கசந்தது. ஒன்பது வயசுப் பிள்ளைக்குச் சொல்கிற சொல்லா அது என்று நினைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டருக்குக் கோபம். போட்டோ வரவில்லை என்பதுதான் முதல் காரணம். "தினம் மத்தியானம் ஒரு மணி நேரம் அங்க போய் நின்னா இங்க யாரு பாக்கறது?" என்றார். பதினெட்டாம் நாள் அவரைத் தண்டலம் அருகே நெடுஞ்சாலை டியூட்டிக்கு மாற்றினார்கள். சுப்பராயன் எதிர்த்துப் பேசவில்லை. பேசும் வயதையெல்லாம் தாண்டிவிட்டார்.

எழிலரசிக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அவர் பெற்றோர் கையெழுத்துகளோடும் முப்பத்தேழு பஸ்களின் நேரத்தோடும் பதில் எழுதினார். ஒரு அதிகாரி வந்து, நான்கரை மணிவரை வாசலில் நின்று பார்த்தார், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், போய்விட்டார். சரியென்றோ தவறென்றோ எந்த உத்தரவும் வரவில்லை. மணி அதே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தது; மஞ்சுளாவும் மற்ற இரு பெண்களும் கயிறு பிடித்துப் பிள்ளைகளைத் தாண்ட வைத்தார்கள்.

தினமும் பிள்ளைகள் தாண்டியதும், நாலு மணிக்குள் எழிலரசியிடமிருந்து சுப்பராயனுக்கு ஒரு வார்த்தை செய்தி வரும்: 'ஆச்சு'. அவரும் 'சரிம்மா' என்று போடுவார். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நாலேகால் ஆகியும் வரவில்லை. தண்டலம் மேம்பாலத்தடியில் நின்றுகொண்டிருந்தவர் போனை எடுத்துப் பார்த்தார். எழிலரசியின் போனுக்கு அடித்தார். மூன்றாவது முறைதான் எடுத்தார்கள். மஞ்சுளாவின் குரல்.

"டீச்சர் மீட்டிங்குக்குப் போயிட்டாங்க சார். போன மறந்து எங்கிட்டயே வுட்டுட்டுப் போயிக்கிறாங்க."

"பசங்க?"

"எல்லாம் தாண்டியாச்சு. அம்பத்தெட்டும். ரெண்டு பேரு லீவு." கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். "நான் போயி ஒரு மணி நேரம் படுக்கணும் சார். ராவுக்கு ஷிஃப்ட் கீது. வெச்சிரட்டா?"

"வெச்சிரும்மா. போய்ப் படு."

போனைப் பையில் போட்டுவிட்டு, பாலத்துத் தூணில் முதுகைச் சாய்த்து நின்றார். பெங்களூர்ப் பக்கம் போகும் வண்டிகள் தலைக்கு மேல் ஓடிக்கொண்டே இருந்தன. டியூட்டி முடிய இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.