தானாக அணையும் பெட்டி

இஸ்திரிப்பெட்டியை மேசைமேல் மறந்து வைத்துவிட்டுப் போனாள் மெகருன்னிசா. மேசை கருகியது. ஜன்னல் துணியில் ஒரு முழம் போனது, பாதி தைத்த போர்வை ஒன்று போனது. பக்கத்து வீட்டு நிர்மலா புகையைப் பார்த்து ஓடிவந்து மெயினை அணைத்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. நிர்மலா அத்தோடு விட்டாளா என்றால் இல்லை. சென்னையில் இருக்கும் மகன் அன்சருக்குப் போன் போட்டு ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே அவன் கள்ளக்குறிச்சியில் வந்து நின்றான். உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி, தூக்கம் கெட்டு, கண் சிவந்து வந்திருந்தான். ரம்ஜானுக்கு வந்து ஒரு ராத்திரி தங்கிப் போனவன், அதற்குப் பிறகு இப்போதுதான் வருகிறான். மேசையைப் பார்த்தான். அம்மாவின் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காயம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கத்த ஆரம்பித்தான்.

"இன்னாம்மா நெனச்சுக்கினு இருக்கே நீ? வூடே பத்திக்கினு இருந்தா இன்னா ஆயிருக்கும்? இன்னொரு தபா இந்த மாதிரி ஆச்சுன்னு வெச்சுக்கோ, வூட்டப் பூட்டிட்டு ஒன்ன என்கூட இட்டுக்கினு போய்டுவேன், ஆமா!"

அவன் மிரட்டினான். அவளுக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து அன்சர் குரலைத் தணித்தான். பயமாவது ஒன்றாவது, சிரிப்பை மறைக்கத்தான் குனிந்தாள்.

அவள் கணவர் ஜாபர் மௌத்தாகி நாலு வருஷம். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒற்றை ஆள், ஒற்றைத் தட்டு. பேசாமல் இருந்து இருந்து, காய்க்காரரிடம் விலை கேட்கும்போது முதல் வார்த்தை தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். செருமிவிட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது. அன்சர் கூப்பிடாமல் இல்லை. "ரெண்டு நாள் வந்து இருந்துட்டுப் போம்மா" என்பான். அந்த ரெண்டு நாள் எப்போதும் முன்னால் வந்து நின்றுகொள்ளும். ரெண்டு நாளுக்கு மேல் இருக்கட்டுமா என்று அவளாகக் கேட்க மாட்டாள். ரோஷக்காரி. கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு போனில் பேசுவது? இப்போது அவனே வாய்விட்டுச் சொல்லிவிட்டானே, இன்னொரு தபா ஆகட்டும் என்று.

அன்சர் அன்று மாலையே கிளம்பிவிட்டான். அடுத்த வாரம் அவள் புதுப் பெட்டி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள்.

தையல்கடைகளில் விழும் வெட்டுத்துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைப்பது அவள் தொழில். கல்வராயன் மலையில் குளிர் இறங்கினால் வெள்ளிமலைப் பக்கத்தில் அவள் போர்வைக்குத் தேவை அதிகம். சட்டைக்குத் தேய்ப்பது வேறு, போர்வைக்குத் தேய்ப்பது வேறு. துண்டும் துண்டும் சேர்ந்த தையல்மேல் பெட்டியை இழுக்கக் கூடாது. வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். இழுத்தால் சதுரம் கோணிக்கொண்டு போகும், கடைசியில் போர்வையின் நாலு மூலையும் நாலு ஊரைப் பார்க்கும். அதனால் பெட்டி கனமாக இருக்க வேண்டும், மூக்கு கூராக இருக்க வேண்டும். நீராவி விடும் பெட்டியே வேண்டாம். அவள் தெரு போர்வெல் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி, கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டு விழும்.

இதையெல்லாம் கடைக்காரன் நவுஷாதிடம் விளக்கமாகச் சொன்னாள். நவுஷாத் அன்சரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் கண்ணாடி மேசைமேல் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான். ஒன்று பழைய மாதிரி, கறுப்புக் கைப்பிடி, தூக்கினால் மணிக்கட்டு இறங்கும் கனம். இன்னொன்று புது மாதிரி, அதுவும் கனம்தான், மூக்கும் கூர்தான்.

மெகருன்னிசா பழைய மாதிரியைத் தொட்டுப் பார்த்தாள். "இத்த மறந்து வெச்சுட்டா இன்னா ஆவும்?"

"தீஞ்சு பூடும் பெரியம்மா."

"மேசையெல்லாம்?"

"எல்லாந்தான்."

"அப்ப இத்தையே குடு."

நவுஷாத் அவளை ஒரு மாதிரி பார்த்தான். வியாபாரத்தில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறான், தீய்ந்துபோகுமா என்று கேட்டு வாங்குகிறவளை இப்போதுதான் பார்க்கிறான். "இருங்க பெரியம்மா" என்று போனை எடுத்து அன்சரை வீடியோவில் கூப்பிட்டுவிட்டான். வேலியில் போன ஓணானை யார் எடுத்து மடியில் விடச் சொன்னது?

"ஆட்டோ கட் இருக்கறது எதுடா?" என்றான் அன்சர் போனுக்குள்ளிருந்து.

"இந்தப் புதுசு. படுக்க வெச்சு அசையாம வுட்டா உடனே பீப்புன்னு கத்திட்டு அணைஞ்சுடும். நிமித்தி வெச்சா கொஞ்ச நேரம் கழிச்சு அணையும். வூட்டக் கொளுத்தணும்னு நெனச்சாக்கூட இத்த வெச்சுக் கொளுத்த முடியாது."

"அத்தையே குடு. பணத்த நான் போட்டு வுடறேன்." பிறகு அவன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். எத்தனை நாளாகிவிட்டது அவன் இப்படிச் சிரித்து. "இனிமே உன்னப் பத்தி எங்களுக்குக் கவலையே இல்லம்மா."

கவலையே இல்லை என்றால் நல்ல செய்திதானே? அவள் பையை வாங்கிக்கொண்டு நடந்தாள். கனமான பெட்டி வேண்டும் என்று கேட்டவளுக்குக் கை வலித்தது.

குறை சொல்லக் கூடாது, பெட்டி நல்ல பெட்டி. தையல் அதன் கீழ் படிந்து உட்கார்ந்தது. ஆனால் அவள் வேலை செய்கிற விதம் அதற்குப் பிடிக்கவில்லை. ஒரு வரிசை தைத்துவிட்டு எழுந்து வந்தால் அணைந்து கிடக்கும். ஆட்டி எழுப்பி, சூடேறும்வரை நிற்க வேண்டும். இவளும் வழக்கத்தை மாற்றிக்கொண்டாள். நாலைந்து வரிசையை மொத்தமாகத் தைத்துக்கொண்டு வந்து ஒரே மூச்சில் அழுத்தினாள். மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது பின்னால் பீப் என்று கத்தும். "வரேன், வரேன், இன்னா அவசரம்?" என்பாள். அந்த வீட்டில் அவளைக் கூப்பிட வேறு யாரும் இல்லாததால் பதில் சொல்வது பழகிவிட்டது. ஒருநாள் அப்படிப் பதில் சொன்ன தன் குரலைத் தானே கேட்டுவிட்டு, தையலை நிறுத்தி அழுதாள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு மத்தியானம், தைத்து முடித்த போர்வையை மேசைமேல் விரித்தாள். நீலமும் மஞ்சளுமாக நல்ல போர்வை. அதன் நடுவில் சூடான பெட்டியைக் குப்புற வைத்தாள். வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கெட்ட காரியம் என்று தெரியும். ஒரு துண்டு கருகினால் போதும், நிர்மலா மூக்கை நீட்டிக்கொண்டு வந்துவிடுவாள், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

பீப் என்றது. அவ்வளவுதான்.

அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை உட்கார்ந்திருந்தாள். போய்ப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தால், போர்வையில் அந்த இடம் மட்டும் மற்ற இடங்களைவிட அழகாகப் படிந்திருந்தது. அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தொழுது முடித்த பிறகும் அது தணியவில்லை. போனை எடுத்தாள்.

"அன்சரு, போர்வ கருகிப் போச்சுடா. மறந்து வெச்சுட்டேன்."

"எப்படிம்மா கருகும்? அதான் தானா அணைஞ்சுடுமே!" அவன் குரலில் பதற்றமே இல்லை. "பெட்டியிலதான் ஏதோ கோளாறு. நீ பயப்படாத. நான் கம்பெனிக்குச் சொல்றேன். ஆள் வூட்டுக்கே வந்து மாத்திக் குடுத்துட்டுப் போவான்."

"ஆளு வருவானா?"

"ஆமாம்மா."

"நீ?"

"அதுக்கு நான் எதுக்கும்மா?"

மெகருன்னிசா போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "யாருக்கும் சொல்லாதடா. கருகல. பொய் சொன்னேன்."

"பொய்யா? எதுக்கும்மா?"

"இன்னொரு தபா ஆச்சுன்னா இட்டுக்கினு போவேன்னு சொன்னியே."

அந்தப் பக்கம், யாருங்க போனில் என்று மருமகள் ஜெபீனா கேட்பதும், அவன் எழுந்து வேறு இடத்துக்குப் போய்க் கதவைச் சாத்துவதும் கேட்டது.

"அம்மா" என்றான். "அது அன்னிக்கி பயத்துல சொன்னதும்மா."

"எனக்குத் தெரியாதா?" என்றாள். "சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

அவனும் திருப்பிக் கேட்பான் என்று காத்திருந்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அப்ப பெட்டி நல்லாத்தான இருக்கு?"

"நல்லா இருக்குப்பா. அதுக்கு இன்னா கொற" என்றாள் மெகருன்னிசா.